முதலாளியின் முகத்துக்கு ஒரு திரை

எங்கள் உப்புக் கம்பனியில் வியாழக்கிழமை தோறும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மஷூரா நடக்கும். மஷூரா என்றால் கூடிப் பேசி முடிவெடுப்பது. எங்களிடம் கூடுவது மட்டும்தான் நடந்தது. முதலாளி றம்லா ராத்தா வந்து கதிரையில் அமர்வார், பேசுவார், முடிவைச் சொல்வார், "வேற என்ன?" என்பார். எட்டுப் பேரும் தலையாட்டுவோம். குறிப்பெழுதுவது என் வேலை. "அனைவரும் ஏற்றுக்கொண்டனர்" என்ற வரியைக் கூட்டம் தொடங்குமுன்பே எழுதி வைத்துவிடுவேன். பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட அதை வெட்ட வேண்டி வரவில்லை.

ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம்; அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கூசும். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த சமயம் அவருக்குப் பதினேழு வயது. புத்தளம் கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு யார் யாருடைய உப்பளத்திலோ கூடை சுமந்தவர். இன்று கடலோடு சேர்ந்த களப்போரம் முப்பது ஏக்கரில் அவருடைய பாத்திகள் இருக்கின்றன, உப்பைப் பொதி செய்ய ஒரு தொழிற்சாலை இருக்கிறது, எண்பது பேர் அவரை நம்பிச் சாப்பிடுகிறார்கள். யாரையும் கேட்காமல் தானே முடிவெடுத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தார். கேட்பதற்கு அப்போது யாரும் இருக்கவில்லை. ஆட்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கம்பனித் தலைவர்களுக்கென்று மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். ராத்தாவும் போனார். உங்கள் பலவீனங்களை எழுதுங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார்களாம். "அளவுக்கு மீறி உழைக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது.

போன ஓகஸ்ட் மாதம்தான் அடி விழுந்தது. பதினான்கு பாத்திகளில் உப்பு நன்றாக விளைந்திருந்தது. "இன்னும் ஒரு கிழமை நிக்கட்டும், உப்புக் கல்லு தடிக்கும்" என்றார் ராத்தா. தலையாட்டினோம். நான்காம் நாள் பருவம் தப்பிய மழை இரண்டு மணி நேரம் பெய்து, அத்தனை உப்பையும் கரைத்துக் களப்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது.

ராத்தா உப்பளத்து மேற்பார்வையாளர் வீரகத்தியை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். வீரகத்தி உடப்பு ஊர் ஆள், ராத்தாவைவிட ஆறேழு வயது மூத்தவர். பாத்தி நீரை விரலில் தேய்த்தே பதம் சொல்லக்கூடியவர்.

"முப்பது வருசமா உப்பளத்துல நிக்கிறீங்க. மழை வாறது தெரியாதா உங்களுக்கு?"

வீரகத்தி பம்பு அறைச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அவர் இல்லாமல் அடுத்த விளைச்சலை எடுக்க முடியாது. அதுவும் போனால் எண்பது பேரில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். மூன்றாம் நாள் ராத்தா என்னையும் ஏற்றிக்கொண்டு உடப்புக்கு வேனை விட்டார். வீரகத்தி எப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுதான் வழி முழுக்கப் பேச்சு. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வழக்கம்போல ஓம், ஓம் என்றுதான் சொன்னேன்.

வீரகத்தி முற்றத்தில் கதிரை போட்டு, சோடா கொடுத்து, நிதானமாகச் சொன்னார்.

"தெரிஞ்சது ராத்தா. ரெண்டு நாளைக்கு முன்னமே காத்து விழுந்திட்டுது. மழை வருமெண்டு எனக்குத் தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"முந்தின வருசம் ஒருக்காச் சொன்னன். 'இங்க முதலாளி நீங்களா, நானா?' எண்டு கேட்டீங்க. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டாங்க. அதோட நான் வாயத் திறக்கிறதில்ல."

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் அப்படிக் கேட்டனா றிஸ்னா?"

ஆமாம் போட்டே பழகிய வாய் என்னுடையது. அன்று ஏனோ அது வேறு மாதிரித் திறந்தது. "கேட்டீங்க ராத்தா. அவரிட்ட மட்டுமில்ல, எங்க எல்லாரிட்டயும்."

ராத்தாவின் முகம் வெளிறிவிட்டது. அப்படியொரு சொல்லைச் சொன்ன ஞாபகமே அவருக்கு இல்லை. அதுதான் அவரை உலுக்கியது என்று நினைக்கிறேன்.

"ஒரு மாசம் வாங்க," என்றார் வீரகத்தியிடம். "அதுக்குள்ள நான் மாறல்லயெண்டா போங்க, மறிக்க மாட்டன்."

வீரகத்தி அரைமனதோடுதான் சம்மதித்தார்.

அடுத்த மஷூராவில், கடைசியாகத்தான் பேசுவேன் என்று ராத்தா அறிவித்தார். சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் புருவத்தை என்ன செய்வது? பிடிக்காததை யாராவது சொன்னால் அது மேலே ஏறும். தொழிற்சாலைப் பொறுப்பாளர் றிப்னாஸ் ஒரு யோசனையைத் தொடங்கினார். நடுவில் புருவத்தைப் பார்த்தார். முடிக்கும்போது தொடங்கியதற்கு நேர் எதிரான யோசனையைச் சொல்லி முடித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான்தான் ஒண்டும் கதைக்கல்லயே?" என்று பிறகு என்னைக் கேட்டார் ராத்தா.

"உங்கட முகம் கதைச்சது ராத்தா."

அடுத்த வியாழன் அறைக்குள் நுழைந்தவர்கள் திகைத்து நின்றோம். அறையின் குறுக்கே ஒரு பச்சைத் திரை. பள்ளிவாசலில் பயான், அதாவது மார்க்கப் பேச்சு, நடக்கும்போது பெண்கள் பக்கத்தில் கட்டுவார்களே, அதேதான். ராத்தா இரவல் வாங்கி வந்து, அதற்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ட முகத்த அடக்க எனக்கு ஏலாம இரிக்கி. ஏலுற வரைக்கும் இப்படித்தான். நீங்க கதைங்க."

ஊர் சிரித்தது. எனக்கும் முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு பெருமையாக இருந்தது. தன்னைத் தானே அடக்குவதற்கு அந்தத் திரையைக் கட்டிய பெண்பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

உப்பு வாரும் பெண்களின் சார்பில் வந்திருந்த சின்னாச்சிதான் முதலில் தொண்டையைச் செருமினார். "உச்சி வெயிலுக்க பாத்தியில நிண்டு கால் வெடிக்குது. அந்த நேரம் ஓய்வு வேணும். நாலு வருசமாக் கேக்க நினைச்சனான்." திரைக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கினார்கள். அன்று மூன்று பக்கம் எழுதினேன். சின்னாச்சிக்கு மறுநாளே ஓய்வு கிடைத்தது.

நான்காவது வியாழன் அடுத்த விளைச்சல் பதத்துக்கு வந்துவிட்டது. வீரகத்தி, "காத்து குறையுது. நாளைக்கே வாருவம்" என்றார். மற்றவர்களும் சரி என்றார்கள். கடைசியாக ராத்தாவின் குரல் வந்தது.

"எனக்கு அப்படித் தோணல்ல. ஒரு கிழமை நிண்டா கல்லு தடிக்கும். ஆனா தண்ணியோட கிடக்கிறது நீங்க. நாளைக்கு வாருங்க."

வாரினோம். மழை வரவில்லை. ஒரு கிழமை போனது, பத்து நாள் போனது, ஒரு துளி இல்லை. உப்பு பொடியாக இருக்கிறதென்று கொழும்பு வியாபாரிகள் பாதியைத்தான் எடுத்தார்கள். யாரையும் வேலையை விட்டு நிறுத்த வேண்டி வரவில்லை. ஆனால் ராத்தா சொன்னதுதான் சரியாக இருந்தது.

அந்தக் கணக்கு முடிந்த பிறகு வந்த மஷூராவுக்கு எல்லோரும் பயத்தோடுதான் போனோம். திரையும் இல்லை, பயான் இருக்கிறதென்று பள்ளிவாசலில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ராத்தா எங்களுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். "நான் சொன்னனா இல்லயா" என்று இப்போது கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்க அவருக்கு உரிமையும் இருந்தது. அப்படிக் கேட்டால் வீரகத்தி மறுபடி வாய் திறக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

வீரகத்தி தலையைக் குனிந்துகொண்டு, "போன முறை என்ட பிழை ராத்தா" என்றார்.

"அது முடிஞ்சுது. இந்த முறை தண்ணி எப்படி?"

வீரகத்தி நிமிர்ந்து அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணி நல்லம். பம்புதான் பிழை. நீங்களே போய் எடுத்த புதுப் பம்பு சேத்தையும் சேத்து இழுக்குது. இப்படியே விட்டா உப்பு கறுக்கும்."

புருவம் ஏறத் தொடங்கியதைக் கண்டேன். பாதியில் நின்றது. ராத்தா கையால் நெற்றியை ஒருதரம் அழுத்தித் தேய்த்துவிட்டு, கதிரையை வீரகத்தியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்ப இருந்து?"

"வாங்கின நாள்ல இருந்து."

"சரி," என்றார் ராத்தா. "முழுக்கச் சொல்லுங்க."