துருக்கி விளக்கும் சாந்தாமணியின் வலது கையும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணாடி உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் உட்கார்ந்திருந்தேன். தேங்காய் அளவு இருக்கும். உள்ளே காலி. வெளியே வண்ணக் கண்ணாடிச் சில்லுகளை நாம் ஒட்ட வேண்டும். இடுக்குகளில் வெள்ளைப் பூச்சைத் தேய்த்து, உள்ளே பல்பு போட்டால்... துருக்கி விளக்கு!

இந்த வயதில் இதெல்லாம் தேவையா? நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் மனைவி சாந்தாமணியும் அதையேதான் கேட்டாள்.

"ஏனுங்க, அத்தன தூரம் போயி பாசிமணி ஒட்டிட்டு வரோணுமா?"

எங்கள் மகள் திவ்யா மூணாறில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். எங்களைக் கேட்காமலே மூன்று பேருக்கும் விளக்குப் பட்டறையில் இடம் புக் செய்துவிட்டாள். "இனி கேன்சல் பண்ண முடியாதுங்கம்மா" என்றாள். சாந்தாமணிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. எங்கள் ஊர் முதலமடையிலிருந்து கிளம்பிவிட்டோம்.

மகளின் கண் விளக்கின் மேல் இல்லை. அம்மாவின் வலது கை மேல்.

மாங்காய்ச் சீசனில், தோப்பிலிருந்து திரும்பும்போது சாந்தாமணி ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் விறைத்தபடியே நின்றுவிட்டன. "வேலை கொடுத்தால் மடங்கும். கொடுக்காவிட்டால் இப்படியே இறுகிவிடும்" என்றார் டாக்டர். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்கள். அதை எங்கள் வீட்டுப் பூனை நன்றாகப் பயன்படுத்தியது.

கை முந்தானைக்குள் போய்விட்டது. வீட்டில் இடது கையில் ஸ்பூன். வெளியே? கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை.

"பீச்சாங்கையிலயா தாம்பூலம் வாங்கறது? நீங்க போயிட்டு வாங்க."

போனேன். பந்தியில் பக்கத்து இலையில் யாரோ உட்கார்ந்து யாருடைய பாயசத்தையோ குறை சொல்வார்கள். அந்தக் குறையைச் சொல்ல வேண்டியவள் வீட்டில் ஜன்னலோரம் இருப்பாள். பாயசம் இறங்குமா?

பட்டறை நடந்தது பழைய தேயிலைக் கிடங்கு ஒன்றில். ஜன்னலுக்கு வெளியே மலை கொஞ்ச நேரம் இருந்தது, கொஞ்ச நேரம் இல்லாமல் போனது. சொல்லிக் கொடுத்தவள் கலை. அந்த மலையிலேயே எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த பெண். பக்கத்து மேசையில் கொச்சியிலிருந்து வந்த கல்லூரிக் கூட்டம் — சிரிப்பு, செல்ஃபி, மறுபடி சிரிப்பு.

"நீங்க ரெண்டு பேரும் ஒட்டுங்க. நான் பாக்கறேன்" என்றாள் சாந்தாமணி.

பார்த்தாள். நான் பச்சைக்குப் பக்கத்தில் பச்சை வைத்தேன். அது வழுக்கி நீலத்தின் மேல் ஏறியது. எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் வராது. இரண்டு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்வந்தேன்.

"அதென்னங்க, கோழி கெளறுன மாதிரி? இங்க குடுங்க!"

உருண்டை கைமாறியது. அடியிலிருந்து ஆரம்பித்தாள். இடது கையால்தான். ஒரு வட்டம், அதன் மேல் ஒரு வட்டம். மஞ்சள், சிவப்பு, மஞ்சள். ஊசி நுழையாத நெருக்கம். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது... எங்கள் ஷெட்டில் பார்த்ததுதான்! மாம்பழம் அடுக்குகிறாள். சாந்தாமணி அடுக்கின பெட்டியில் ஒரு பழம் அசையாது. அசைந்தால் லாரிக் குலுக்கலில் ஒன்றோடொன்று மோதிக் கறுத்துவிடும். அவளுடைய பெட்டி வடக்கே எந்த ஊர் போய்ச் சேர்ந்தாலும், தோப்பில் வைத்தது வைத்தபடி இருக்கும்.

எனக்கு ஒரே பெருமை. திவ்யாவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

கலை வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"அய்யோ அக்கா! என்ன இப்படி நெருக்கி அடைச்சுப்புட்டீக?"

"ஏன் கண்ணு, நல்லாத்தான இருக்குது?"

"பாக்க நல்லாத்தேன் இருக்கு. சந்து விட்டாத்தானக்கா பூச்சு உள்ள எறங்கும்? அதுதான் பிடிமானம். இல்லாட்டி ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள பொலபொலன்னு கொட்டிப்போயிரும்."

"சந்து உட்டா லாரில ஆடாதா?"

"எந்த லாரிக்கா?"

திவ்யா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். சாந்தாமணியும் சிரித்தாள் — கலை அடுத்ததைச் சொல்லும் வரை. பசை காய்வதற்குள் ஒன்று விட்டு ஒன்று சில்லைப் பிடுங்கி, மீதியைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டுமாம். இடுக்கி போன்ற ஒரு சின்ன ட்வீசரை நீட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

இடது கை பிடுங்கப் போனால் உருண்டை உருண்டது. உருண்டையைப் பிடித்தால் பிடுங்கக் கை இல்லை. நான் உதவிக்குக் கை நீட்டினேன். மேசைக்கு அடியில் என் காலை ஒரு செருப்பு மிதித்தது. மகள்! கையை இழுத்துக்கொண்டேன்.

பசை காய்ந்துகொண்டிருந்தது.

முந்தானை அசைந்தது. வலது கை வெளியே வந்தது. வெயிலே படாதது போல வெளுத்து, விரல்கள் விறைத்தபடி. ட்வீசரைப் பிடித்தது. நழுவவிட்டது. மறுபடி பிடித்தது. மறுபடி நழுவியது.

"சனியன்!" என்று ட்வீசரைத் தள்ளிவிட்டுக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நேரே சில்லின் மேல் கொண்டுபோனாள். பல்லைக் கடித்தாள். வலி எனக்குத் தெரிந்தது, அவள் நெற்றியில். சிவப்புச் சில்லு பசையோடு இழுத்தது... இழுத்தது... வந்துவிட்டது.

"அடுத்ததையும் எடுங்கம்மா, காயுது, காயுது!" என்று திவ்யா அவசரப்படுத்தினாள்.

"இருடி, எடுக்கறனல்ல!"

நான் வழக்கம்போல எழுந்து ஜன்னலுக்குப் போனேன். மலை முழுக்க மங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அப்படியும் மங்கலாகவே இருந்தது.

சாயங்காலம் கலை பூச்சைத் தேய்த்துத் துடைத்து, பல்பை மாட்டிப் போட்டாள். சுவரெல்லாம் மஞ்சளும் சிவப்பும். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் அகலம், ஒரு பக்கம் கோணல். வெளிச்சம் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. எந்தச் சந்து கிடைத்ததோ அந்தச் சந்தில் ஒரு நிறமாக வந்தது. "ஆன்ட்டி, அடிபொளி!" என்று கத்தியது கொச்சிக் கூட்டம். சாந்தாமணிக்கு வெட்கம்.

யாருக்கு நன்றி சொல்வது? டாக்டருக்கு உண்டு. என் காலை மிதித்த மகளுக்கு நிறைய உண்டு. விவரம் எதுவும் தெரியாமலே ட்வீசரை நீட்டிவிட்டுப் போன கலைக்கும் உண்டு. ஆனால் முதல் நன்றி அந்தத் தப்புக்குத்தான். சாந்தாமணி முதலிலேயே சந்து விட்டு ஒட்டியிருந்தால் இடது கை ஒன்றே போதுமே! நாம் ஒழுங்காகச் செய்கிற காரியங்கள் நம்மை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகின்றன. சொதப்பினால்தான் ஒளித்து வைத்ததையெல்லாம் வெளியே எடுக்க வேண்டி வருகிறது. இல்லையா?

திரும்பும் வழியில் மறையூரில் டீ குடித்தோம். கண்ணாடி டம்ளரை வலது கையால்தான் வாங்கினாள். பாதி டீ அவள் வாய்க்கு, மீதி என் வெள்ளைச் சட்டைக்கு.

அந்தக் கறை அப்படியே இருக்கட்டும் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா?" என்று பிடுங்கிக்கொண்டு போய்த் துவைத்தாள், இரண்டு கையாலும்.

பிழிந்தது மட்டும் நான்.