வால்நட்சத்திரத்துக்காக ஒரு கண்ணாடி

ஆறுச்சாமிக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதே பெரும்பாடு. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக் கூடமான ஆசாரத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே நாலு தோசையை முடித்துவிடுவார். பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டி அவருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. தேய்ந்துபோன ஷாப்ட், உடைந்த பல்சக்கரம் என்று தினம் ஒரு விதமான வேலை வந்தால் ஆள் உற்சாகமாக இருப்பார். ஒரே அளவில் ஐந்நூறு உருப்படி வேண்டும் என்று யாராவது ஆர்டர் கொண்டுவந்தால் முகம் சுண்டிப்போகும். அதை ஆட்களிடம் தள்ளிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார்.

வீட்டுப் பரணான அட்டாலியைப் பார்த்தாலே அவர் குணம் தெரிந்துவிடும். பாதிப் பாட்டு வரைக்கும் கற்றுக்கொண்ட புல்புல்தாரா ஒன்று. ஒரு இறக்கை மட்டும் ஒட்டிய பால்சா கட்டை விமானம். வானம் மட்டும் தீட்டிய ஆயில் பெயின்டிங் இரண்டு. களிமண்ணில் செய்த தலைகள் நாலைந்து. ஒன்றுக்கும் காது கிடையாது. ஒவ்வொன்றையும் ஆரம்பித்த வாரத்தில் அவருக்குத் தூக்கம் வராது. அடுத்த வாரத்தில் அது அட்டாலிக்குப் போய்விடும்.

மனைவி சென்னியம்மாள் நேர்மாறு. மேட்டி துணியில் குறுக்குத் தையல் போடுவது அவள் பொழுதுபோக்கு. ஜன்னலில் தெரியும் பாலமலையைத்தான் ஒரு பெரிய துணியில் கட்டம் எண்ணி எண்ணித் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் எட்டாவது படிக்கும்போது தொடங்கியது. மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. மலை இன்னும் அடிவாரத்தைத் தாண்டவில்லை. எப்போது முடியும் என்று கேட்டால், முடியறப்போ முடியும் என்பாள். அந்தப் பதிலைக் கேட்டாலே ஆறுச்சாமிக்கு நெஞ்சுக்குள் எறும்பு ஊறும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் பிறந்த சமயம், பங்குனியில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரியப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்த வாரமே ஆறுச்சாமி படிக்கிற கண்ணாடிக்கு லென்ஸ் மாற்றக் கோயமுத்தூர் டவுனுக்குப் போனார். அவருக்கு எப்போதும் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர் அப்துல் குத்தூஸ் பாய். கோட்டைமேட்டுப் பக்கம் சின்னக் கடை. பேச்சுவாக்கில் வால்நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்ல, பாய் தன் இளவயதில் ஒரு தொலைநோக்கி செய்த கதையைச் சொன்னார். கனமான வட்டக் கண்ணாடி இரண்டை எடுத்துக்கொண்டு, நடுவில் கரகரப்பான கார்பரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தேய்க்க வேண்டுமாம். தேய்க்கத் தேய்க்க மேல் கண்ணாடி குழிந்துகொண்டே வரும். பிறகு அதைவிட நைசான தூள், அப்புறம் அதிலும் நைசு. கடைசியில் தாரின்மேல் சிவப்புப் பொடி போட்டு மெருகேற்ற வேண்டும். அந்தக் குழிக் கண்ணாடிக்குப் பாதரசப் பூச்சு மாதிரி வெள்ளிப்பூச்சு கொடுத்துக் குழாயின் அடியில் வைத்து, மேல்முனையில் ஒரு சின்னக் கண்ணாடியும் பார்க்கிற லென்ஸும் பொருத்தினால் வானம் பக்கத்தில் வந்துவிடும்.

"பொறுமை வேணும் தம்பி. அவசரப்பட்டா கண்ணாடி காட்டிக்குடுத்துரும்" என்றார் பாய்.

ஆறுச்சாமி காதில் அது விழவில்லை. கண்ணாடிகளோடும் பொட்டலங்களோடும் வீடு வந்து சேர்ந்தார்.

பின்வாசலில் ஒரு பழைய டீசல் டிரம்மில் மணலை நிரப்பி, கீழ்க் கண்ணாடியை அதன்மேல் இறுக்கி, டிரம்மைச் சுற்றி நடந்துகொண்டே தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டிய வேலை என்பதால் முதலில் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் கை ஒரே நிதானத்தில் போக வேண்டும், அதுதான் முடியவில்லை. கால் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மனசு குழாயைப் பற்றி யோசிக்கும், ஸ்டாண்டைப் பற்றி யோசிக்கும். பொங்கல் கழிந்த கையோடு தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பட்டறையில் குழாய் வேலையில் இறங்கினார். குழாயும் ஸ்டாண்டும் மளமளவென்று முடிந்தன. கண்ணாடி மட்டும் டிரம்மின்மேல் ஈரத்துணி போர்த்திக் கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம் டீ குடிக்க வீட்டுக்கு வந்தவருக்குப் பின்வாசலில் சர், சர் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். சென்னியம்மாள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டிரம்மைச் சுற்றி நடப்பதற்குப் பதிலாகக் கண்ணாடியையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். அவர் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்ன அம்மணி இது?"

"சும்மா கெடந்துதுங்க. ஒருதரம் தேச்சுப் பாக்கலாம்னு உக்காந்தேன்."

ஆறுச்சாமிக்கு முதலில் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. தூளை எப்போது மாற்றுவது, எப்படிக் கழுவுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். ஆனால் போகப் போக அந்தச் சத்தம் அவரைப் படுத்தியது. காலையில் சமையல் முடிந்ததும் சர், சர். மத்தியானம் பாத்திரம் கழுவியதும் சர், சர். வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மாசி பிறந்ததும் அவர் கண்ணாடியைக் குத்தூஸ் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினார். பாய் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இது யார் கை என்று கேட்டார். மனைவி கை என்று ஆறுச்சாமி கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

பங்குனியில் பேப்பர்க்காரன் சொன்னபடியே வால்நட்சத்திரம் வந்துவிட்டது. பொழுது இறங்கிய கொஞ்ச நேரத்தில் பாலமலைக்கு மேலே, வெளுத்த வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. தெருவே வாசலில் கூடியது. ஆறுச்சாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழாய் தயார், ஸ்டாண்டு தயார், கண்ணாடி மட்டும் இன்னும் தூளில் கிடக்கிறது. மொட்டை மாடிக்கு ஏறுவார், இறங்குவார், பின்வாசலுக்குப் போய் இன்னும் எத்தனை நாள் என்று கேட்பார். சென்னியம்மாள் ஒருதரம் கையைக் கழுவிக்கொண்டு மாடிக்கு வந்தாள். வால்நட்சத்திரத்தை நன்றாகப் பார்த்தாள். நல்லா இருக்குதுங்க என்றாள். திரும்பவும் இறங்கிப்போய்த் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை ஆறுச்சாமி பொறுமை இழந்தார். இன்னும் இரண்டு நைசுத் தூள் பாக்கி இருந்தது. எதற்கு இரண்டு, நேராக மெருகுக்குப் போய்விடலாம் என்று தாரைக் காய்ச்சி ஊற்றி, சிவப்புப் பொடியைக் கரைத்து, கண்ணாடியை வைத்து அழுத்தித் தேய்த்தார். பழைய கரகரப்புத் தூள் கொஞ்சம் அவர் விரலிடுக்கில் இருந்திருக்க வேண்டும். கீச்சென்று ஒரு சத்தம். கையில் பட்ட அதிர்வு தோள்வரை ஏறியது. கழுவிப் பார்த்தபோது கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவரை நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது.

சென்னியம்மாள் விபூதியோடு உள்ளே வந்தாள். அவர் விபூதியை மட்டும் வாங்கிப் பூசிக்கொண்டார். அவளே பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். கண்ணாடியைத் திருப்பி, கீறலின்மேல் விரல் நகத்தை ஓட்டினாள். பிறகு தாரை எல்லாம் சுரண்டி எடுத்து, டிரம்மைத் துடைத்து, மூலையில் இருந்த பழைய தூள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

ஆறுச்சாமிக்கு அதைத் தாங்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வெளியே போயிருப்பார்.

"உட்டுரு சென்னி. இனி முதல்ல இருந்து தேச்சு முடிக்கறதுக்குள்ள வால்நட்சத்திரம் போயிருமல்ல."

"போனாப் போகட்டுமுங்க. நான் அதுக்கா தேச்சுட்டு இருக்கறேன்?"

"பின்ன எதுக்கு?"

அவள் யோசித்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தேய்க்கறப்போ எனக்கு எதுவும் வேணும்னு தோணறதில்லைங்க" என்றாள்.

ஆறுச்சாமி செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தார். மேட்டுப்பாளையம் பஸ்கள் உரசுகிற மாதிரி ஓரமாகப் போயின. எதுவும் வேண்டாம் என்று தோன்றிய ஒரு நாழிகை தன் வாழ்க்கையில் உண்டா என்று எண்ணிப் பார்த்தார். அப்படி ஒன்று நினைவுக்கு வரவில்லை. கூடவே ஒரு பயமும் வந்தது. இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறவள். எதுவும் வேண்டாம் என்கிறாள். அந்த எதுவும் என்பதில் தானும் சேர்த்தியா? ரயில்வே கேட் வரைக்கும் போனவர் கேட் மூடியிருந்ததால் திரும்பினார்.

மறுநாளிலிருந்து அவர் ஒரு புது முயற்சி செய்தார். பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்து அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். காலை ஆட்டக்கூடாது என்று முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டார். சென்னியம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"இல்லையே."

"அப்ப எந்திரிச்சு நடங்க. நீங்க இப்பிடி உக்காந்திருந்தா எனக்குப் பதறுது, கையே ஓட மாட்டேங்குது. நீங்க அக்கட்டயும் இக்கட்டயும் போயிட்டு வார சத்தம் கேட்டாத்தான் ஊட்டுல எல்லாம் சரியா இருக்குதுன்னு இருக்கும்."

ஆறுச்சாமி எழுந்தார். சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நடந்தார்.

சித்திரையில் வால்நட்சத்திரம் மங்கி மலைக்குப் பின்னால் இறங்கிப் போனது. தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சென்னியம்மாள் நைசுத் தூளுக்கு வந்து, அதற்கும் அடுத்ததற்கு வந்து, ஆடியில் மெருகேற்றத் தொடங்கினாள். மெருகு ஏற ஏறக் கண்ணாடி இருப்பதே தெரியாத மாதிரி தெளிந்தது. குத்தூஸ் பாய் தன் கடையிலேயே விளக்கையும் பிளேடையும் வைத்து, குழிவு சீராக இருக்கிறதா என்று அதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொன்னார். அடுத்த தடவை பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒருவரிடம் அனுப்பி வெள்ளிப்பூச்சும் போட்டு வாங்கிக்கொடுத்தார்.

குழாயில் கண்ணாடியைப் பொருத்தியபின் மேகம் பிடித்துக்கொண்டது. பாலக்காட்டுக் காற்று தினம் ஒரு மூட்டை மேகத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆறுச்சாமி பட்டறைக்கும் மாடிக்குமாக அலைந்தார். வந்த வேலையெல்லாம் பாதியில் நின்றது. ஆவணிக் கடைசியில், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், கிழக்கே வானம் திறந்தது. தென்னைக்கு மேலே வியாழன் பளிச்சென்று நின்றது.

குழாயைத் திருப்பிக் குறி வைத்தது ஆறுச்சாமிதான். ஆனால் முதலில் பார்க்கச் சொல்லி அவளைத்தான் முன்னால் தள்ளினார். சென்னியம்மாள் குனிந்தாள். குனிந்தவள் எழவே இல்லை.

"என்ன தெரியுது? சொல்லு அம்மணி."

"சித்தெ இருங்க."

அவர் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். அவள் அப்படியே இருந்தாள். இன்னொரு சுற்று வந்தபின் மெதுவாக நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஆறுச்சாமி பாய்ந்துபோய்க் குழாயைப் பிடித்தார். உள்ளே எல்லாம் ஆடியது. வெளிச்சம் கோடு கோடாக இழுத்துக்கொண்டு ஓடியது. தொடாமப் பாருங்க என்றாள் அவள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு குனிந்தார். ஆட்டம் நின்றது. தட்டையான ஒரு சின்ன வட்டம். அதன் குறுக்கே மெலிந்த இரண்டு பட்டை. பக்கத்தில் ஒரே வரிசையில் நாலு புள்ளிகள், யாரோ ஊசியால் குத்திவைத்த மாதிரி. கீழே ரோட்டில் லாரி போன சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. இடுப்பு வலித்தபோதுதான் நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவுடன் ஸ்டாண்டைப் பார்த்தார். தொட்டால் ஆடுகிறதென்றால் காலில் கனம் பத்தவில்லை. வார்ப்பில் ஒரு அடித்தட்டு போட்டு, நடுவில் ஒரு பேரிங்கையும் வைத்துவிட்டால் விரலால் தள்ளினாலே திரும்பும். அளவெல்லாம் அவர் தலைக்குள் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

"நாளைக்குச் செய்யலாமுங்க" என்றாள் சென்னியம்மாள், அவர் முகத்தைப் பார்த்தே.

"இதா, அளவு மட்டும் எடுத்துப்போட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் பட்டறைச் சாவியோடு படியில் பாதி இறங்கியிருந்தார். அவள் முந்தானையால் தோளை மூடிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.