யெரிட்சாவின் கட்டைவிரல்

புதுத் துப்பாக்கி வாங்க வேண்டும் என்று முடிவானதும் யெரிட்சா செய்த முதல் காரியம், எங்கள் வேட்டைக் குடிலின் சமையலறை மேசைக்கடியில் தவழ்ந்து போனது. வலது கையில் வேட்டைக்காரர் போல்டேயிடம் இரவல் வாங்கிய ரைபிள். இடது கையில் அவளுடைய நாய் பிஸ்த்ராவின் நீள வார். குடிலுக்குச் சமைக்கும் நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்க வெட்கமாக இருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மேசைக்கால்களுக்கு நடுவே குழல் மாட்டிக்கொண்டது.

"என் துப்பாக்கி மேசைக்கடியில சுடறதுக்கு இல்லடி," என்றார் போல்டே. "எதிர் மலையில நிக்கிற மானைச் சுட."

"எதிர் மலையில சுட்டுட்டு நீ வீட்டுக்குப் போயிடுவே. அது சாகாம புதருக்குள்ள போய்ப் படுத்துக்கும். அப்புறம் யாரைக் கூப்பிடுவே?"

"உன்னைத்தான், மகாராணி."

அதுதான் யெரிட்சாவின் வேலை. பகலில் மரமில்லில் பலகை இழைப்பாள். யாராவது விலங்கைக் காயப்படுத்தித் தவறவிட்டால், நாயோடு இரத்தத் தடம் பிடித்துப் போய் அதன் வேதனையை முடித்துவைப்பாள். ஐம்பது வயது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "கூப்பிட்ட உடனே கிளம்பிப் போற பொம்பளையை எவன் வச்சுக்குவான்?" என்று சிரிப்பாள். சிரிக்கும்போது நாயைத்தான் பார்ப்பாள்.

போன குளிர்காலத்தில் அடர்ந்த இளம் மரங்களுக்குள் ஒரு காட்டுப்பன்றி திரும்பிப் பாய்ந்தது. அவள் அப்பாவின் பழைய துப்பாக்கி நீளமானது. கிளையில் சிக்கிக்கொண்டது. அதை விடுவிப்பதற்குள் பன்றி பிஸ்த்ராவின் விலாவைக் கிழித்துவிட்டது. நாய் பிழைத்தது, தழும்பு மட்டும் நின்றது. வேட்டைக் குழுத் தலைவர் காஷ்பரிடம் யெரிட்சா கறாராகச் சொல்லிவிட்டாள்: "நம்பிக்கையா ஒரு துப்பாக்கி கிடைக்கலைன்னா இந்த இலையுதிர் காலத்துல பிஸ்த்ராவைக் காட்டுக்குள்ள விடமாட்டேன்." சுற்றுவட்டாரத்தில் தடம் பிடிக்கும் நாய் வேறு இல்லை.

அந்தக் கோடை முழுக்க எனக்கு நல்ல வேடிக்கை. கையில் கிடைத்த துப்பாக்கியை எல்லாம், தோட்டா இல்லையென்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, சோதித்தாள். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தோட்டா ஏற்றும் தாழைத் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டு, தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டைத் திறந்து, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். ஒரு துப்பாக்கியை மழையில் வேலிமேல் சாய்த்து வைத்துவிட்டுக் காப்பி குடித்தாள். அதன் சொந்தக்காரர் ஜன்னலோரம் நின்று புலம்பினார்.

கடைசியில் நகரத்துக் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாமாம். குட்டைக் குழல், ஒரு கையில் அடங்கும் எடை, மேசைக்கடியில் எங்கும் இடிக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி, அவள் அப்பாவின் துப்பாக்கியில் இருந்தது போலவே, இரட்டை நிலை விசையும் இருந்தது. கட்டைவிரலால் விசையை முன்னால் தள்ளிவிட்டால் போதும், அப்புறம் மூச்சுப்பட்டாலே சுடும். உயரப் பரண்மேல் உட்கார்ந்து நிதானமாகக் குறி பார்ப்பவர்களுக்கு அது சௌகரியம். அது இல்லாத துப்பாக்கியை இங்கே யாரும் மதிப்பதில்லை.

"முடிஞ்சது ஃபானி," என்றாள் என்னிடம். "இதான் என் துப்பாக்கி."

அன்று சாப்பிடும்போது போன குளிர்காலக் கதையைச் சொன்னாள். நான் தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். பன்றி திரும்பிய இடம் வந்ததும், அவள் கட்டைவிரல் கரண்டிக் காம்பை மெல்ல முன்னால் தள்ளியது. நாய்வாரின் கொக்கியிலும், ஒருமுறை என் கதவுத் தாழ்ப்பாளிலும் அது அப்படித் தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

பெரியவர்கள் கூடிப் பேசும் இடத்தில் துப்பாக்கியைப் பற்றி நான் என்ன சொல்ல? வாரம் முடியும்வரை வாய் வரவில்லை. திருப்பித் தர வேண்டிய கடைசி நாளன்று பிஸ்த்ரா என் காலடியில் தழும்பைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"அக்கா, இன்னொரு தரம் மேசைக்கடியில போயேன்."

"எதுக்குடி? அதான் போயாச்சே."

"பன்றி இருக்குன்னு நினைச்சுக்கிட்டுப் போ."

சிரித்துக்கொண்டே தோட்டா இல்லையென்று பார்த்தாள், காஷ்பரிடமும் காட்டினாள். வாரைப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள். பூட்டைத் திறந்தாள். நான் அந்தப் பக்கத்தில் ஒரு எலும்பைப் போட்டேன். பிஸ்த்ரா வாரை வெடுக்கென்று இழுத்தாள். யெரிட்சாவின் முழங்கை மேசைக்காலில் பட்டது.

டிக்.

தோட்டா இருந்திருந்தால் வெடித்திருக்கும். குழல்முனை நாயின் முதுகுக்கு நேராக இருந்தது.

"நான் விசையை முன்னால தள்ளவே இல்லையே," என்றாள் உள்ளேயிருந்து.

"தள்ளினே அக்கா. கரண்டியைக்கூடத் தள்ளுவே."

"கரண்டியையா?" என்று போல்டே உரக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் பீர்க் குவளையின் பிடியை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

யெரிட்சா வெளியே வந்து நாயின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். "விரலைத் திருத்த இந்த வயசுல முடியாது," என்றாள். "துப்பாக்கியை மாத்திடலாம்."

மாலைக்குள் அதே குட்டைக் குழலோடு, ஒற்றை நிலை விசை வைத்த ஒன்று வந்தது. முன்னால் தள்ளினால் அசையாது. அழுத்தி இழுத்தால்தான் சுடும். "ஆடு மேய்க்கிறவன் துப்பாக்கி," என்றார் போல்டே.

நவம்பரில் பன்றியைக் காயப்படுத்தித் தவறவிட்டவர் அதே போல்டேதான். அவரையும் கூட்டிக்கொண்டு யெரிட்சாவும் பிஸ்த்ராவும் புதருக்குள் போனார்கள். நான் குடில் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே காது கொடுத்திருந்தேன். நாய் குரைத்தது. பிறகு குரைப்பு நின்றது. அதற்கப்புறம்தான் ஒரே ஒரு வெடி. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

சேறு அப்பிக்கொண்டு மூவருமாக வந்தார்கள். வேட்டை முடிந்ததும் தொப்பியில் செருகிய ஃபிர் மரக் கொத்தை, தடம் பிடித்தவருக்குப் பங்கு தரும் வழக்கப்படி, போல்டே இரண்டாக ஒடித்து ஒரு பாதியை யெரிட்சாவிடம் நீட்டினார். அவள் அதிலும் கொஞ்சம் கிள்ளி நாயின் கழுத்துப்பட்டையில் செருகினாள்.

"விரல் என்ன பண்ணுச்சு அக்கா?" என்று கேட்டேன்.

"தள்ளுச்சுடி. பன்றி இந்தா இருக்கு, இது பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே நிக்குது. பத்திரமா தள்ளட்டும்னு விட்டுட்டேன்."

பிஸ்த்ரா உள்ளே வந்து, பச்சை ஊசியிலைகளை உதிர்த்துக்கொண்டே, நான் அப்போதுதான் பெருக்கிய தரையில் புதுத் தழும்பு ஒன்றும் இல்லாமல் படுத்தாள்.