யார் வீட்டு ரத்தம்?

கிழக்கேகோட்டையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என் எட்டு வயது மகளுக்குத் தைராய்டு ஹார்மோன் குறைவு என்று ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். அந்த நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் மாமியார், "எங்காத்துல இதெல்லாம் கிடையாது. இது அவாத்து ரத்தம்" என்று என்னைக் காட்டிச் சொல்லிச் சொல்லிச் சுண்டல் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று தாம்பூலம் எடுத்துக் கொடுத்தேன்.

மாத்திரையால் குழந்தைக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. பயந்துபோய் வேறொரு டாக்டரிடம், ஒரு மலையாளியிடம், ஓடினோம். அவர் என் ரத்தம், கணவர் ரத்தம், குழந்தை ரத்தம் மூன்றையும் பம்பாய்க்கு அனுப்பிச் சோதித்தார்.

"மாத்திரையை நிறுத்துங்கோ. இது அசுகமே அல்ல, கேட்டோ. ஹார்மோனைச் சுமந்துபோற புரதம்தான் குறைவு. உடம்புக்கு வேண்டிய ஹார்மோன் இருக்கு. அச்சன்கிட்டேருந்து மகளுக்கு வந்தது. அச்சனுக்கு அவரோட அம்மை கொடுத்தது. ஆணுக்கு இது அம்மை வழியாத்தான் வரும்" என்றார்.

அடுத்த கொலுவில் சுண்டல் கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, வந்த ஒவ்வொரு மாமியிடமும், "குழந்தைக்கு ஒண்ணுமில்லை மாமி. எங்க மாமியார் குடுத்த பரம்பரைச் சொத்துதானாம்" என்றேன்.

இப்போதெல்லாம் இன்னொரு டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் கொடுப்பதில்லை. கொலுச் சுண்டலை மட்டும் இன்றுவரை நானேதான் கொடுக்கிறேன்.