எதிரிக்கு ஓட்டுச் சேர்த்த ரொட்டிக்காரி

இத்தாலியின் மொலீசே மலைமேல் உள்ள ரொக்காஸ்தோர்த்தா என்ற சிற்றூரில் ரொட்டிக் கடை வைத்திருந்த எர்சீலியாவுக்கும் அதே ஊர் உபால்தோவுக்கும் பதினோரு வருடமாக ஆகாது. அவன் தன் வண்டியை அவள் கடை வாசலை அடைத்து நிறுத்துவான். அவள் பெயர் சொல்லாமல் அவன் காதுபடத் திட்டுவாள். அந்த உபால்தோவை மேயராக்க ஊர் முழுக்க அலைந்தவளும் அவள்தான்.

காரணம், அப்போதிருந்த இத்தாலியச் சட்டம். ஒரே ஆள்தான் நின்றால், வாக்காளர்களில் பாதிப் பேராவது ஓட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் தேர்தல் செல்லாது. நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து ஊரைப் பார்த்துக்கொள்வார். போன தடவை அப்படித்தான் ஆனது. வந்தவர் தங்கமான மனிதர். எதைச் சொன்னாலும் புன்னகையோடு குறித்துக்கொண்டார், பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்தினார். அவர் இருந்த பதினான்கு மாதமும் எர்சீலியாவுக்குச் சண்டை போட ஆள் கிடைக்கவில்லை. மேயர் என்றால் கெட்டவனாக இருந்தாலும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று அவள் முடிவுக்கு வந்தது அப்போதுதான்.

ஓட்டுப்பதிவு ஞாயிறு, திங்கள் என இரண்டு நாள். வாக்காளர் பட்டியலில் முந்நூற்றிரண்டு பெயர். நூற்றைம்பத்தொரு பேர் வர வேண்டும். நிற்பது ஒருத்தன், அவன் எங்கே தோற்கப்போகிறான் என்று உபால்தோவின் ஆட்களே ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டார்கள். எர்சீலியா கடையில் புதுச் சட்டம் போட்டாள்: ஓட்டுப் போட்டதற்கு முத்திரை விழுந்த வாக்காளர் அட்டையைக் காட்டினால் சூடான ரொட்டி, மற்றவர்களுக்கு நேற்றையது.

திங்கள் மதியம் இரண்டு மணிக்கு நூற்றைம்பது. மூன்று மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களையும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களையும் கழித்துவிட்டு எர்சீலியா யோசித்தாள். இரண்டு நாளாகப் பழைய ரொட்டியே வாங்கிப்போனவள் ஒருத்திதான்: உபால்தோவின் மனைவி லொரேதானா. எர்சீலியா அவள் வீட்டுக்கே போனாள்.

"ஏண்டி, அட்டை தொலைஞ்சுபோச்சா?"

"பத்திரமா இருக்கு. அந்த மனுஷன் ஊர்ல ஒரு கதவு விடாம தட்டி ஓட்டுக் கேட்டாரு. நாய் கடிக்கிற வீட்டுக்குக்கூடப் போனாரு. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? நான் என்ன வீட்டு நாற்காலியா?"

எர்சீலியா மதுக்கடைக்கு ஓடினாள். உபால்தோ அங்கே வெற்றி உரையைப் பழகிக்கொண்டிருந்தான்.

"யோவ், ஒரு ஓட்டு குறையுது. உன் வீட்லதான் இருக்கு. போய்க் கேளு."

"எம் பொண்டாட்டிகிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?"

"பாத்தியா, இதுக்குத்தான்யா உன்னை எனக்குப் பிடிக்கல. போறியா, இல்ல அந்தப் புன்னகை ஆபீசரே வரட்டுமா?"

சாவியைப் பையில் வைத்துக்கொண்டே உபால்தோ தன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"வேட்பாளர்… உபால்தோ ஸ்கால்சோ."

"என்ன விஷயமா வந்தீங்க?"

"தயவு பண்ணி… வந்து ஓட்டுப் போடணும்."

கதவு திறந்தது. லொரேதானா காதில் தோடு, காலில் நல்ல செருப்பு, கையில் அட்டையோடு நின்றாள்.

மூன்று மணிக்குப் பெட்டியை மூடியபோது சரியாக நூற்றைம்பத்தொரு ஓட்டு. எண்ணியதில் உபால்தோவுக்கு நூற்று நாற்பத்தொன்பது, யாருக்கும் போடாத வெற்றுச் சீட்டு இரண்டு. ஒன்று யாருடையது என்பதில் புது மேயருக்குச் சந்தேகமே இல்லை; எர்சீலியாவும் மறுக்கவில்லை. அவன் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"நீ எனக்குத்தானே போட்ட?"

"வந்து ஓட்டுப் போடுன்னு கேட்டீங்க, போட்டேன். யாருக்குன்னு நீங்க சொல்லவே இல்லியே."