ஒரு ஜன்னல் போதும் என்று எழுதினேன்

1997-ஆம் ஆண்டு, மழை ஓய்கிற சமயம். பெங்களூர் விவேக் நகரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே, கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, மடியில் அட்டையும் காகிதமுமாக உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் என்னை ஏதோ ஓட்டப்பந்தய நடுவர் என்று நினைத்திருக்கலாம். ஓடுகிற நிலையில் அங்கே ஒருவரும் இல்லை.

அப்போது நான் பகலில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் குமாஸ்தா, மாலையில் எம்.பி.ஏ. மாணவன். பகலில் ஒரு போல்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் விழிப்பேன். மாலையில் உலகத்துச் சரக்கையெல்லாம் எப்படி நிர்வகிப்பது என்று பாடம் கேட்பேன். அந்த வருஷம் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் ஒரு பேப்பர். முடிவெடுப்பதற்கான கணித முறைகள் இன்னொன்று. இரண்டுக்கும் பொதுவாக வரிசைக் கோட்பாடு என்று ஒரு பாடம் வரும். மண்ணெண்ணெய்க்கும் டெலிபோன் பில்லுக்கும் கால் கடுக்க நின்றவனுக்கு, அப்படி நிற்பதற்கே ஒரு கோட்பாடு இருக்கிறது என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

பேராசிரியர் கொடுத்த வேலை இதுதான். நிஜமான ஒரு வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திங்கள் முதல் சனி வரை, ஆறு நாளும் காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்க வேண்டும். அதை வைத்து, அந்த இடத்துக்கு எத்தனை ஜன்னல் தேவை என்று சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியை நடத்திய டிரஸ்டின் செயலாளர் ஓய்வு பெற்ற அதிகாரி. கணக்கு என்றால் மரியாதை. உடனே அனுமதி கொடுத்தார். அறிக்கையில் ஒரு பிரதி தங்களுக்கும் வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். எங்கள் கல்லூரி அறிக்கைகளைக் கரையானைத் தவிர யாரும் படித்ததில்லை என்பதால் தாராளமாகச் சம்மதித்தேன்.

மருந்து கொடுக்க இரண்டு ஜன்னல்கள். முதல் ஜன்னலில் ஒரு கம்பவுண்டர். சீட்டை வாங்குவார், கவரைத் தள்ளுவார், "மூணு வேளை" என்பார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஒருவருக்கு ஒரு நிமிடம். இரண்டாவது ஜன்னலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. அதே தெருக்களில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்க்காரர்களிடம் தமிழ், மற்றவர்களிடம் கன்னடம், புர்கா போட்டுக்கொண்டு வரும் பெண்களிடம் உருது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வந்தால், காலை மாத்திரை கவரில் ஒரு மூலையை மடிப்பார், ராத்திரி மாத்திரை கவரில் இரண்டு மூலைகளை மடிப்பார். பிறகு அவர்கள் கையில் கொடுத்து, "இப்ப நீ சொல்லு, இது எப்போ?" என்று திருப்பிக் கேட்பார். சரியாகச் சொன்னால்தான் விடுவார். கம்பவுண்டரிடம் வாங்கியவர்களில் சிலர் ஓசைப்படாமல் இவரிடம் வந்து, கவரை நீட்டி மூலையை மடித்து வாங்கிக்கொண்டு போவார்கள். இவருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் ஆனது. என் படிவத்தில் நேரத்துக்குக் கட்டம் இருந்தது. மூலைக்கு இல்லை.

இரண்டாம் நாள் கூட்டம் குறைந்த ஒரு வேளையில் அக்கா என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

"என்னா தம்பி, என்னைப் பாத்துப் பாத்து அந்தக் கடியாரத்த அமுக்கறீங்க? கொழந்தை பொறக்கற நேரம் குறிக்கற மாதிரி இருக்குது."

எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கிறேன் என்றேன்.

"திங்கள் செவ்வாய்ல பாத்து என்னா பண்ணுவீங்க? வியாழக்கிழமை வாங்க. அன்னிக்கு நானே உங்களை சொல்ப நவுருங்கன்னு தள்ளிவுடுவேன்."

சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். எனக்கு மிச்சமிருந்தது இரண்டே நாள் கேஷுவல் லீவு. அந்த இரண்டும் அன்றோடு தீர்ந்தன. எனக்கு வியாழக்கிழமை என்பது புதன்கிழமைக்கு அடுத்த நாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அல்சூரில் என் அறையில், மீதி நான்கு நாட்களையும் உட்கார்ந்த இடத்தில் உற்பத்தி செய்தேன். புள்ளியியல் பாடப்புத்தகத்தின் கடைசியில் ஒழுங்கில்லாத எண்கள் நிறைந்த அட்டவணை ஒன்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். திங்கள், செவ்வாயின் சராசரியை எடுத்துக்கொண்டு அந்த எண்களின் உதவியால் புதன், வியாழன், வெள்ளி, சனி நான்குக்கும் நோயாளிகளை வரவழைத்தேன். இருமல் இல்லாத, கைக்குழந்தை இல்லாத, சண்டை போடாத நோயாளிகள். சூத்திரத்தோடு எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஜாதகப் பொருத்தம் மாதிரி. என் எண்களுக்குப் பத்துக்குப் பத்து பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும், மாப்பிள்ளை ஜாதகத்தைப் பார்த்து எழுதிய பெண் ஜாதகம்.

வந்த முடிவு சுலபமானது. கம்பவுண்டரின் வேகத்தில் வேலை நடந்தால் ஆறு நாளும் ஒரு ஜன்னல் போதும். இரண்டாவது ஜன்னலில் ஒருவருக்கு மூன்று மடங்கு நேரம் ஆகிறது, எனவே அது தவிர்க்கத் தக்கது என்றும் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில். ஸ்பைரல் பைண்டிங் போட்டு, ஒன்றைப் பேராசிரியரிடமும் ஒன்றைச் செயலாளரிடமும் கொடுத்தேன். நிஜ வாழ்க்கை இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வது அபூர்வம் என்று பேராசிரியர் வகுப்பிலேயே பாராட்டினார். அவர் என்னைச் சந்தேகப்பட்டாரா, வாழ்க்கையைச் சந்தேகப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

இரண்டு மாதம் போனது. சிபாரிசு நடைமுறைக்கு வந்ததாக ஒரு கடிதம் வாங்கி வந்தால் சிறந்த புராஜெக்ட் பரிசுக்கு அனுப்பலாம் என்றார் பேராசிரியர். தொழிற்சாலைக்கு மட்டும் ஏதோ விடுமுறை விட்ட ஒரு நாளில் கிளம்பினேன். அது வியாழக்கிழமை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வரிசை தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து, பெட்டிக்கடையையும் மாவு மில்லையும் தாண்டி, தெருமுனை வரை. வியாழக்கிழமைகளில் அந்தப் பகுதி சர்ச்சில் நொவேனா என்கிற விசேஷ ஜெபம் என்பதும், ஊரின் எல்லா மூலையிலிருந்தும் எல்லா மதத்துக்காரர்களும் அதற்கு வருவார்கள் என்பதும், வந்தவர்கள் அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போவார்கள் என்பதும், விவேக் நகரில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. சர்ச்சுக்குப் போகிற வரிசையா என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

"மருந்துக்குப்பா. முன்ன ரெண்டு ஜன்னல் இருந்துச்சு. எவனோ காலேஜ்காரன் வந்து, கணக்குப் போட்டு, ஒண்ணே போதும்னுட்டானாம். அவன் வந்து இந்த வெயில்ல நின்னா தெரியும்."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

உள்ளே போனேன். இரண்டாவது ஜன்னல் சாத்தியிருந்தது. செயலாளர் என்னைக் கண்டதும் எழுந்து கை கொடுத்தார். செலவைக் குறைக்க வேண்டும் என்று டிரஸ்டில் பேச்சு இருந்ததாகவும், யாரை நிறுத்துவது என்று மனசு வராமல் தவித்ததாகவும், என் அறிக்கை வந்ததும் அந்தச் சங்கடமே தீர்ந்துவிட்டது என்றும் சொன்னார். அக்காவைப் போன மாதமே நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர்.

வெளியே நிற்கிற கூட்டத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து என் அறிக்கையை எடுத்து, சரியான பக்கத்தைப் பிரித்து, என் பக்கம் திருப்பினார்.

"உங்க டேபிள்ல வியாழக்கிழமையும் மத்த நாள் மாதிரியேதானே இருக்கு? இது தற்காலிகம். சரியாயிடும்."

அவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. திரும்பினால் வரிசை தெரியும். அவர் என் அட்டவணையைத்தான் பார்த்தார்.

சார், அந்த வியாழக்கிழமையை நான் பார்க்கவே இல்லை, என் அறையில் உட்கார்ந்து எழுதியது. இதுதான் நான் சொல்ல வேண்டிய வாக்கியம். வாய்வரை வந்தது. பக்கத்து அறையில் டைப்ரைட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கான கடிதம். சொன்னால் பரிசு போகும், மதிப்பெண் போகும், ஒருவேளை படிப்பே போகும். ஒரு பக்கம் இவ்வளவு, மறுபக்கம் ஓர் அக்காவின் வேலை. முடிவெடுக்கும் முறைகளை ஒரு வருஷம் படித்தவன், எந்தச் சூத்திரமும் இல்லாமல் அரை நிமிடத்தில் முடிவெடுத்தேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன்.

அதற்கடுத்த வருஷம், பட்டமும் வாங்கிவிட்ட பிறகு, அல்சூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு சாயங்காலம் அக்காவைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியின் அடையாள அட்டை. நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவர் பார்த்துவிட்டார். பாஸா என்று முதலில் கேட்டார். பாஸ் என்றேன். சந்தோஷப்பட்டார். நிஜமாகவே. பேக்கிங் செக்ஷனில் இருப்பதாகவும், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை என்பதால் கால் வீங்குகிறது என்றும் சொன்னார். பிறகு ஊர் விஷயம் சொல்கிற குரலிலேயே சொன்னார்:

"நம்ம ஜன்னல மறுபடி தொறந்துட்டாங்க, தெரியுமா? ஒரு சின்னப் பொண்ணப் போட்டிருக்காங்க. கை வேகமாம்."

உங்களை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னை எப்படிக் கூப்புடுவாங்க தம்பி? நான் ஸ்லோவுன்னு ரிப்போர்ட்ல வந்துடுச்சே. உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ரெண்டு நாளைக்கப்புறம் கூட்டத்துல நான் உங்களக் கவனிக்கல, ஆனா ஆறு நாள் உக்காந்து, கடியாரம் வெச்சுப் பாத்துதானே எழுதினீங்க. எனக்குத்தான் இத்தனை வருஷமா தெரியல."

இந்த முறை என்னிடமிருந்து பறிபோக ஒன்றுமே இல்லை. பட்டம் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. சிவாஜி நகர் பஸ் வந்தது, அவர் ஏறிக்கொண்டார், உட்கார இடம் கிடைக்கவில்லை.

பிறகு எத்தனையோ மீட்டிங்குகளில் எத்தனையோ பேருடைய அட்டவணைகளை, இது யார் உட்கார்ந்து பார்த்தது என்று கேட்டுத் துருவியிருக்கிறேன். கறாரான ஆசாமி என்று பெயர்கூட உண்டு. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. இரண்டாவது ஜன்னலுக்கு வேறு ஆள் வந்துவிட்டது, வரிசையும் குறைந்திருக்கும். ஆனால், மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று மற்றவர்களுக்குப் புரியும்வரை விடாமல் சொல்லிக்கொடுத்த ஒருவர், தன்னை உபயோகமில்லாத கை என்று நான் அளந்து நிரூபித்துவிட்டதாக எங்கோ இன்னும் நம்பிக்கொண்டிருக்கக்கூடும். இரண்டு நாள்தான் வந்தேன் அக்கா, மீதியெல்லாம் பொய் என்று அந்த பஸ் ஸ்டாப்பில் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.