ஆற்றுக்குப் போய் வந்த வேட்டி

என் தங்கை சென்னியம்மாள் வீட்டிலிருந்து குப்பை என்று ஒன்று வெளியே போய் நான் பார்த்ததில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். கூடப் பிறந்தவள் என்பதற்காகக் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் குமாரபாளையத்தில் ஆற்றங்கரைத் தெருவில் குடியிருந்தாள். புருசன் ராசப்பன் சாயப்பட்டறையில் நூல் முக்குகிறவர். குழந்தை இல்லை. இவள் வீட்டில் இருந்தபடியே விசைத்தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள்; தறி நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூல்கண்டுதான் தார். அரிசி களைந்த தண்ணீர் பக்கத்து வீட்டு எருமைக்கு, பாத்திரம் கழுவியது முருங்கைக்கு. கடையில் சாமான் மடித்துக் கொடுத்த காகிதத்தை நீவி அடுக்கி, அந்தக் கடைக்கே திருப்பிக் கொடுப்பாள். ராசப்பன் வேட்டி மூன்று வருடம் வேட்டியாக இருக்கும். பிறகு கிழித்தால் நான்கு துண்டு. துண்டு நைந்தால் அடுப்படிக் கரித்துணி. அதுவும் நைந்தால் விளக்குக்குத் திரி. திரி எரிந்து முடிந்தால்தான் வேட்டியின் கணக்கு முடியும்.

குடிதண்ணீர் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுப்பது. அதனால் அவள் ஆற்றில் இறங்கித் துவைக்க மாட்டாள். வாளியில் மொண்டு, கரையேறி, இருபது தப்படி தள்ளி ஒரு கல்லில் துவைப்பாள். அதுவும் சோப்பு இல்லை, அரப்பு இலைத் தூள் போட்டு.

பக்கத்து வீட்டுக் குப்பாயி சிரிப்பாள். "ஏஞ் சென்னி, உம் புருசன் பட்டறையில செவப்பும் நீலமுமாக் கலக்கி ஆத்துல உடறாரு. நீ இங்க வாளியத் தூக்கீட்டு நடக்கறே. ஊட்டுக்குள்ளயே ரண்டு கட்சியா?"

"அது பட்டறைங்க்கா. மொதலாளி சொல்றதக் கேக்கும். இது என்ற ஊடு. நாஞ் சொல்றதக் கேக்கும்."

ராசப்பன் அருகில்தான் இருப்பார். கையில் அன்றைய நிறம் இருக்கும். அந்த வாளியை வாங்கிக்கொண்டு கரையேறுவார்.

எண்பத்து மூன்றாம் வருடம் பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை காலையில் பட்டறைக்குப் போனவரை மதியம் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். வயது நாற்பத்து நான்கு. அந்த வருடம் மழை இல்லை. ஆறு மணலாகக் கிடந்தது. நடுவில் ஒரு ஓடை அளவுக்குத் தண்ணீர் ஓடியது. நான் நாமகிரிப்பேட்டையிலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தங்கை அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. தார் சுற்றும் ராட்டையை யாரோ சுவர் ஓரம் திருப்பி வைத்திருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

கருமாதிக்கு முதல் நாள் ராசப்பனின் அண்ணன் மருதாசலம் வந்தார். கருமாதியன்று செத்தவர் துணியை மூட்டை கட்டி, மேல்துறையில் ஆற்றில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் குளித்துக் கரையேற வேண்டும். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

"துணியெல்லாம் எடுத்து வெச்சிரு அம்மிணி. காலையில கொண்டு போயிர்லாம்."

"ஆத்துல வேண்டாமுங்க மாமா."

"வேண்டாம்னா?"

"அந்தத் தண்ணியத்தானுங்க குடிக்கறோம்."

"ஊரே உடுதே, உனக்கு மட்டும் என்ன வந்துது? உடாட்டி அவன் இந்த ஊட்டையே சுத்தீட்டு இருப்பான், தெரியுமல்லோ?"

"சுத்தட்டுங்க. இருந்தப்ப எங்கீங்க ஊட்ல தங்குனாரு, எந்நேரமும் பட்டறைதான். இப்பவாச்சும் இருக்கட்டும்."

குப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மருதாசலம் சிரிக்கவில்லை.

"அந்த மூட்டை போகாட்டி, எங்க பங்காளிக யாரும் இந்த ஊட்ல பச்சத் தண்ணி வாய்ல ஊத்த மாட்டோம். பாத்துக்க."

அவர் போன பிறகு நான் தங்கையிடம் பேசிப் பார்த்தேன். தனியாக இருக்கப் போகிறவள், சொந்தபந்தத்தைப் பகைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றேன். "பட்டறைத் தண்ணிய நிறுத்த என்னால ஆகாதுங்க்கா. என்ற ஊட்டுத் துணிய நிறுத்தலாம்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அவளைக் குளிக்கக் கூட்டிப் போனார்கள். மருதாசலம் கொல்லைப் பக்கம் வந்து நின்றார். நான் ராசப்பனின் துணிப்பெட்டியைத் திறந்தேன். சட்டை மூன்று, வேட்டி இரண்டு, துண்டு ஒன்று. ஒரு வேட்டிக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கரை. அந்தக் கரைக்கு நூல் முக்கியது ராசப்பன்தான். மற்றதையெல்லாம் அந்த வேட்டிக்குள் வைத்துக் கட்டி மருதாசலம் கையில் கொடுத்தேன். அவள் நல்லதுக்கு என்றுதான் கொடுத்தேன்.

ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். மேல்துறையில் விட்டதை வெள்ளம்தான் கொண்டு போகும். அந்த வருடம் ஆற்றில் வெள்ளம் எங்கே இருந்தது?

அதற்கு மறுநாள் காலையில் இருவரும் குடத்தோடு தண்ணீருக்குப் போனோம். மேல்துறையிலிருந்து இரண்டு பர்லாங் தள்ளித்தான் அவள் ஊற்று. ஓடை அந்த இடத்தில் வளைந்து, ஊற்றை ஒட்டிப் போகும். வளைவில் கோரைப்புல் நடுவே மூட்டை செருகிக் கிடந்தது. முடிச்சு அவிழவில்லை. அதைச் சுற்றி வேறு யார் வீட்டுத் துணியோ, ஒரு தலையணை, ஒரு பாதிப் பாய் எல்லாம் தேங்கியிருந்தன.

அவள் குடத்தை மணலில் வைத்தாள். வேட்டியின் கத்தரிப்பூக் கரையைப் பார்த்தாள். பிறகு முடிச்சைப் பார்த்தாள். நான் எதைக் கட்டினாலும் இரட்டை முடிச்சுப் போடுகிறவள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அது தெரியும்.

"கட்டுன கையே எடுத்துரட்டுங்க்கா" என்றாள்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்தேன். கனத்தது. கரையேறி இருபது தப்படி நடந்தேன். அவளே அவிழ்த்து, அரப்புப் போட்டு, ஒவ்வொன்றாகத் துவைத்துக் கல்லில் விரித்தாள். பிறகு திரும்பப் போய் அந்தத் தலையணையையும் பாயையும் இழுத்துக் கரையில் போட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்து ராட்டையைத் திருப்பி வைத்துத் தார் சுற்ற உட்கார்ந்தாள். நான் அன்று மாலை பஸ் ஏறினேன். வழியெல்லாம் எதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

துணி கல்லில் காய்ந்ததைத் தெரு பார்த்திருக்கிறது. பங்காளிகள் யாரும் பிறகு அவள் வாசல் மிதிக்கவில்லை. வைகாசியில் ஒரு சீமந்தம், ஆனியில் ஒரு காதுகுத்து. இரண்டுக்கும் அவளுக்கு அழைப்பு இல்லை. அவள் அதை எனக்குக் கார்டில் எழுதினாள், இந்த வாரம் இத்தனை தார் ஆயிற்று என்று எழுதுகிற மாதிரி.

ஆவணியில் நான் போயிருந்தபோது மருதாசலம் வந்தார். மகளுக்குக் கல்யாணம். ஒரே சித்தியை விட்டுவிட்டு எப்படி என்று மகளே அழுதிருக்கிறாள். அவர்கள் வழக்கப்படி, அழைக்க வருகிறவர் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீராவது குடித்தால்தான் அது அழைப்பு. குடிக்காமல் போனால் வந்ததாகவே கணக்கில்லை. அவர் உட்கார்ந்தார். வெற்றிலைத் தட்டை வைத்தார். கல்யாணத் தேதியைச் சொன்னார். தண்ணீர் கேட்கவில்லை.

தங்கை எழுந்து பானைப் பக்கம் போனாள். பானையின் வாயில் கட்டியிருந்த துணியை அவர் பார்த்தார். ஆற்றுத் தண்ணீரை அதன் வழியாகத்தான் அவள் ஊற்றி வடிகட்டுவாள். கத்தரிப்பூ நிறக் கரை ஓரத்தில் தெரிந்தது.

"அது..." என்றார்.

இல்லை, வேறு துணி என்று அவள் சொல்லிவிடக் கூடாதா என்று இருந்தது எனக்கு. ஒரு சொல்தானே.

"ஆமாங்க மாமா. அவரு வேட்டிதானுங்க. ஆத்துக்குப் போயி வந்துதே, அது" என்று சொல்லி, துணியை விலக்கி ஒரு சொம்பு மொண்டு அவர் முன்னால் வைத்தாள்.

அவர் சொம்பைக் கையில் எடுத்தார். உள்ளே பார்த்தார். அவர் விரல்களிலும் சாயம் இருந்தது. அவரும் அதே தொழில்தான். வெளியே தறிச்சத்தம் நின்று, திரும்ப ஆரம்பித்தது. அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"தண்ணி தெளிவாத்தான் இருக்குது அம்மிணி."

"மூணு மடிப்புப் போட்டிருக்கறனுங்க" என்றாள் தங்கை.